கருவியைச் செய்யும் கருவி

வட சென்னை மாணவர்களுக்குப் புல்லட் மோட்டார் சைக்கிளின் ஓசையை விவரிக்க வேண்டியதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே வண்டி இன்னதென்று சொல்லிவிடுவீர்கள். அந்த வண்டியின் இந்திய வரலாறு திருவொற்றியூரில்தான் தொடங்கிற்று. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தை அமைத்தன. முதலில் நடந்தது என்ன? பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன. இங்கே அவற்றைப் பூட்டி வண்டியாக்கினார்கள். 1957-ல் அந்தப் பாகங்களைச் செய்வதற்கு வேண்டிய கருவிகளையே இங்கிலாந்து கம்பெனி இந்திய நிறுவனத்துக்கு விற்றது. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கின. சற்று வடக்கே எண்ணூரிலும் இதே கதைதான். 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் முதலில் செய்த வேலை, இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்டின் கார்களின் பாகங்களைப் பூட்டுவது.

மேலே சொன்ன ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1957. வண்டி கைக்கு வருவது ஒன்று. வண்டியைச் செய்யும் கருவி கைக்கு வருவது வேறொன்று. நம் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்விக்கு அந்த 1957 இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன்?

நீங்கள் சி++ அல்லது சி மொழியில் எழுதும் நிரலை எந்தச் செயலியும் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. அதை எந்திர ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர். நிரல்பெயர்ப்பி என்றும் தமிழில் சொல்கிறோம். உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் உள்ள கம்பைலர், அதே கணிப்பொறியில் ஓடக்கூடிய ஆணைகளைத்தான் தரும். ஆனால் உலகில் உள்ள செயலிகளில் மிகப் பெரும்பாலானவை மேசைக் கணிப்பொறிகளில் இல்லை. சலவை எந்திரத்திலும், மின் மீட்டரிலும், லாரி எஞ்சினிலும் இருக்கின்றன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகை விதிகள் வந்த பிறகு, புல்லட்டிலும்கூட எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் எப்போது பீய்ச்ச வேண்டும் என்று கணக்கிடுவது ஒரு சின்னஞ்சிறு செயலிதான். அந்தச் செயலிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அதற்கான நிரலை அதன் மேலேயே எழுதிப் பெயர்ப்பது எப்படி?

முடியாது. ஒரு கணக்குப் பாருங்கள். திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய தேஜஸ்-32 என்ற சில்லில் 256 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. ஜி.சி.சி. என்ற புகழ்பெற்ற கம்பைலரின் மையப் பகுதி மட்டுமே சில பத்து மெகாபைட் வரும். சில்லின் நினைவகத்தைப் போல் சுமார் நூறு மடங்கு! எனவே ஒரு பெரிய கணிப்பொறியில் உட்கார்ந்துகொண்டு, சின்னச் சில்லுக்கான ஆணைகளைத் தயாரிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் கிராஸ் கம்பைலர். காசிமேட்டில் விசைப்படகைக் கரையில்தான் கட்டுகிறார்கள். அது ஓடப்போவது கடலில். அதைப் போல.

இது இன்றைய தந்திரம் அன்று. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸை எழுதத் தொடங்கியபோது, அவருக்குக் கிடைத்த பி.டி.பி.-7 என்ற சிறு எந்திரத்தில் அவருக்கு வேண்டிய கருவிகள் ஏதும் இருக்கவில்லை. வேறொரு பெரிய ஜி.இ. கணிப்பொறியில் ஆணைகளைத் தயாரித்து, காகித நாடாவில் துளையிட்டு, நாடாவைக் கையில் எடுத்துப்போய்ச் சிறு எந்திரத்தில் ஊட்டினார். சிறு எந்திரம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் வரை இப்படித்தான் நடந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எண்ணூர்க் கடற்கரையில் நிற்பவர்களுக்கு, வானம் தெளிவாக இருந்தால், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டின் தீச்சுடர் தெரியும். 2024 டிசம்பர் 30 இரவு கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60-இல் விக்ரம்-3201 என்ற 32 பிட் செயலி விண்ணுக்குப் போய்ச் சோதிக்கப்பட்டது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகரில் உள்ள குறைகடத்தி ஆய்வகமும் சேர்ந்து செய்தது அது. அதன் ஆணைத் தொகுப்பு அதற்கே உரியது. வேறு எந்தச் செயலியிலும் இல்லாதது. ஆகவே கடையில் வாங்கக்கூடிய கம்பைலர் எதுவும் அதற்குப் பயன்படாது. ஏடா மொழிக்கான கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர் எல்லாவற்றையும் இஸ்ரோ தானே எழுதியது. அத்துடன் 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்ட கல்பனா-3201 வேறு வழியில் போயிற்று. அது ஸ்பார்க் என்ற பொதுவான ஆணைத் தொகுப்பைப் பின்பற்றுவதால், எல்லோருக்கும் திறந்திருக்கும் கருவிகளையே பயன்படுத்திக்கொள்ள முடியும். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலியும் திறந்த வழியையே தேர்ந்தது. 2010-ல் பெர்க்கிலியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் ஆணைத் தொகுப்பைச் சக்தி ஏற்றது. 2017-ல் வெளியான ஜி.சி.சி.யின் ஏழாம் பதிப்பிலேயே ரிஸ்க்-ஃபைவுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2018-ல் சக்தி சில்லாக வடிக்கப்பட்டு அதன்மேல் லினக்ஸ் ஓடியபோது, அதற்கான கிராஸ் கம்பைலர் ஏற்கெனவே காத்திருந்தது.

கவனித்தீர்களா? சொந்தச் சில்லு இருந்தால் மட்டும் போதவில்லை. கம்பைலர் இல்லாத சில்லு, சாவி தொலைந்த பூட்டைப் போன்றது. செய்திகளில் சில்லைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள். கம்பைலருக்குப் படம் இல்லை, பாவம்.

ஆகையால் நான் சொல்வது இது: உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் முன், கணிப்பொறியில் ஆர்வமுள்ள ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது ஒரு கிராஸ் கம்பைலரை அதன் மூல நிரலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும். தனியாக அல்ல, நண்பர்களோடு, வெவ்வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்களில்.

இதைச் சொன்னபோது பொறியாளரான என் நண்பர் சிரித்தார். "தயாராகக் கிடைப்பதை இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். நாங்களே அப்படித்தான் செய்கிறோம். பிள்ளைகளை ஏன் வதைக்கிறீர்கள்?" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். அன்றாட வேலைக்கு நானும் தயாரானதைத்தான் இறக்கிக்கொள்கிறேன். ஆனால் வேதியியல் ஆய்வகத்தில் உப்பைப் பகுத்தாயும்போது, "இது இன்ன உப்பு என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறதே" என்று யாரும் விட்டுவிடுவதில்லை அல்லவா? செய்முறை என்பது விடைக்காக மட்டும் செய்யப்படுவதில்லை.

சரி, கட்டுவது எப்படி? முழு விவரமும் மூல நிரலோடு வரும் குறிப்புகளில் இருக்கும். இங்கே வரிசையை மட்டும் சொல்கிறேன். முதலில் பின்யூட்டில்ஸ் என்ற தொகுப்பு. அசெம்ப்ளரும் லிங்கரும் அதில் அடக்கம். அடுத்து ஜி.சி.சி. ஆனால் இங்கே ஒரு கோழி–முட்டைச் சிக்கல் வரும். முழுமையான கம்பைலருக்கு சி மொழியின் நூலகம் வேண்டும். அந்த நூலகத்தை இலக்குச் சில்லின் ஆணைகளாக மாற்றுவதற்குக் கம்பைலர் வேண்டும்! எனவே முதலில் நூலகமே இல்லாத ஒரு மொட்டைக் கம்பைலரைக் கட்டுவார்கள். அதைக் கொண்டு நியூலிப் என்னும் சிறிய நூலகத்தைப் பெயர்ப்பார்கள். பிறகு நூலகத்தோடு சேர்த்து ஜி.சி.சி.யை மீண்டும் ஒரு முறை கட்டுவார்கள். ரிஸ்க்-ஃபைவுக்கான முழுத் தொகுப்புக்கும் வட்டில் 6, 7 கிகாபைட் இடம் ஒதுக்கிவையுங்கள்.

கட்டத் தொடங்கும்போது பில்டு, ஹோஸ்ட், டார்கெட் என்று மூன்று பெயர்கள் எதிர்ப்படும். பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள். எண்ணூர்ப் பக்கத்து வார்ப்பாலையை நினைத்துக்கொண்டால் எளிது. வார்ப்புக்கான மரப் படிவத்தை அம்பத்தூரில் ஒரு பட்டறையில் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், அது பில்டு. அந்தப் படிவத்தைப் பயன்படுத்தி எண்ணூரில் இரும்பை வார்க்கிறார்கள், அது ஹோஸ்ட். வார்த்த பாகம் லாரியில் ஏறி ஊர் ஊராக ஓடுகிறது, அது டார்கெட். உங்கள் கணிப்பொறியிலேயே கட்டி, அதிலேயே பயன்படுத்தினால் முதல் இரண்டும் ஒன்றே. மூன்றும் வெவ்வேறாக அமைந்தால் அதற்கு 'கனடியக் குறுக்கு' என்று ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு. அந்தப் பெயர் பிறந்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம்!

இனி இயங்குதளங்களின் குறும்புகள். உண்மையான படிப்பு இங்கேதான்.

லினக்ஸில் வேலை பெரும்பாலும் நேராகப் போகும். ஏனெனில் இந்தக் கருவிகள் அந்தச் சூழலில் வளர்ந்தவை. விண்டோஸில் நேரடியாகக் கட்ட முடியாது. எம்-சிஸ்-2 போன்ற ஒரு யூனிக்ஸ் சாயலுள்ள சூழலை முதலில் நிறுவ வேண்டும். அப்படியும் வேலை ஆமை வேகத்தில் நகரும். கணிப்பொறி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். மூல நிரலைக் கட்டுமுன் 'கான்ஃபிகர்' என்ற ஆணைக்கோப்பு உங்கள் எந்திரத்தை ஆயிரக்கணக்கான சிறு கேள்விகள் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிறு நிரலை ஓட்டிப் பார்க்கும். லினக்ஸில் புதிய நிரலைத் தொடங்குவது மலிவான வேலை. விண்டோஸில் அது செலவு மிகுந்த வேலை. போதாக்குறைக்கு வைரஸ் தடுப்பான் ஒவ்வொரு புதுக் கோப்பையும் வாசலில் நிறுத்திச் சோதனை போடும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் கட்டுமானம் பாதியில் உடைந்து நிற்கும். நோட்பேடில் புதிதாக எழுதிச் சேமித்த ஆணைக்கோப்பு ஓடாமல் போகலாம். காரணம், விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை இடும், யூனிக்ஸ் ஒன்றைத்தான் இடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறியைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன் நான்.

மேக் கணிப்பொறியில் வேறு விதச் சிக்கல். அங்கே 'ஜி.சி.சி.' என்று தட்டினால் ஓடுவது ஜி.சி.சி. அல்ல, கிளாங் என்ற வேறொரு கம்பைலர். கூடவே வரும் பைசன் மிகப் பழைய பதிப்பு. 'செட்' என்ற கருவி பெயரில் ஒன்றாக இருந்தாலும் லினக்ஸில் உள்ளதைப் போல் நடந்துகொள்ளாது. எல்லாவற்றையும்விட விசித்திரமானது கோப்புகளின் பெயர். மேக்கில் வழக்கமாக அமையும் வட்டு, ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகவே கருதும். லினக்ஸ் கருவின் தலைப்புக் கோப்புகளிலோ, எழுத்தின் அளவைத் தவிர வேறு வேற்றுமையே இல்லாத இரட்டைப் பெயர்கள் சில உண்டு. லினக்ஸ் ஓடும் சில்லுக்காக மேக்கில் கட்ட முயன்றால் ஒரு கோப்பு இன்னொன்றின் மேல் ஏறி அமர்ந்துவிடும். அதற்கென்று எழுத்து வேறுபாடு பார்க்கும் வட்டுப் பகுதியைத் தனியே அமைக்க வேண்டும்.

இவை வெறும் தொல்லைகள்தாமே என்கிறீர்களா? ஒரு செயலி எதைச் செய்கிறது, இயங்குதளம் எதைச் செய்கிறது, கம்பைலர் எதைச் செய்கிறது என்று மூன்றையும் பிரித்தறிய இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தில் இம்மூன்றுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கும். அவை ஒன்றோடொன்று உரசும் இடம் புத்தகத்தில் இருக்காது.

(கட்டும்போது நடுவில் மின்சாரம் போனால் அழ வேண்டாம். 'மேக்' என்னும் கருவி கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதி எழுதப்பட்ட கோப்பு ஏதேனும் தகராறு செய்தால் அதை மட்டும் அழித்துவிடுங்கள்.)

இதில் ஆர்வத்தைத் தாண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் ஐபோன்களுக்கான பல செயலிகளில் வேவு பார்க்கும் ஆணைகள் ஒளிந்திருப்பது தெரியவந்தது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் வீசாட்டும் அதில் அடக்கம். அவற்றை எழுதியவர்கள் குற்றமற்றவர்கள். அவர்கள் எழுதிய மூல நிரலும் சுத்தம். பிறகு கள்ளன் எப்படி நுழைந்தான்? ஆப்பிளின் எக்ஸ்கோட் என்னும் கருவித் தொகுப்பு மிகப் பெரியது. சீனாவில் அதை ஆப்பிளிடமிருந்து இறக்க வெகு நேரம் பிடித்ததால், சிலர் உள்நாட்டுப் பகிர்வு இடங்களில் கிடைத்த நகலை எடுத்துக்கொண்டார்கள். அந்த நகலில் யாரோ கைவைத்திருந்தார்கள். கருவியில் புகுந்த கள்ளன், கருவி செய்த பொருள் ஒவ்வொன்றிலும் புகுந்துவிட்டான். எக்ஸ்கோட் கோஸ்ட் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

"அப்படியானால் மூல நிரலிலிருந்து நானே கட்டினால் பயமில்லை" என்று நீங்கள் சொல்லலாம். அவசரப்படாதீர்கள். முன்னே சொன்ன அதே கென் தாம்சன், 1984-ல் வெளியான தமது டூரிங் விருது உரையில் ஒரு குண்டைப் போட்டார். கம்பைலரின் மூல நிரலும் ஒரு கம்பைலரால்தான் பெயர்க்கப்படுகிறது. அந்தப் பழைய கம்பைலரில் கள்ளம் இருந்தால், சுத்தமான மூலத்திலிருந்து பிறக்கும் புதிய கம்பைலரிலும் அதே கள்ளத்தை அது ஒட்டவைக்க முடியும்; மூல நிரலில் எவ்வளவு தேடினாலும் தடயம் அகப்படாது. இதற்கு மாற்று மருந்தை டேவிட் வீலர் என்ற அமெரிக்க அறிஞர் 2005-ல் விளக்கினார். சுருக்கமாகச் சொன்னால், தொடர்பில்லாத இரண்டு கம்பைலர்களால் ஒரே மூலத்தைக் கட்டி, இறுதி விளைவுகளைப் பைட்டுக்குப் பைட் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் ஒரே கள்ளன் இருப்பது அரிது.

வெவ்வேறு இயங்குதளங்களில் கட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். லினக்ஸில் ஜி.சி.சி., மேக்கில் கிளாங் என்று உங்கள் கிராஸ் கம்பைலர்களைப் பெற்றெடுத்த தாய்க் கம்பைலர்கள் வேறுவேறு. ஆனால் பதிப்பும் கட்டளைகளும் ஒன்றாக இருந்தால், அவை ஒரே நிரலுக்கு ஒரே ஆணைகளைத் தர வேண்டும். இது ஒரு முழுமையான அறிவியல் சோதனை. செலவோ, மின்சாரமும் பொறுமையும் மட்டுமே.

எனக்குத் தெரிந்த மூன்று மாணவர்கள் சென்ற விடுமுறையில் இதைச் செய்து பார்த்தார்கள். ராயபுரத்துப் பையன் தன் அக்காவுக்கு அரசு தந்த பழைய விலையில்லா மடிக்கணினியில் லினக்ஸை ஏற்றிக்கொண்டான். திருவொற்றியூர்ப் பெண்ணிடம் விண்டோஸ். எண்ணூர் மாணவன் சித்தப்பாவின் மேக்கை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கினான். ஒரே ஜி.சி.சி. பதிப்பு, ஒரே நியூலிப், ஒரு விளக்கை அணைத்து ஏற்றும் ஒரே நிரல். லினக்ஸ்காரன் மாலைக்குள் முடித்துவிட்டான். விண்டோஸ் இரவு முழுவதும் ஓடிற்று. மேக், பைசனில் சிக்கி, மூன்றாம் நாள் கரையேறிற்று.

மூவரும் கோப்புகளை ஒப்பிட்டபோது மூன்றும் வேறு வேறாக இருந்தன. முகங்கள் தொங்கிவிட்டன. பார்த்தால், பிழை திருத்துவதற்கான தகவல் என்ற பகுதியில் அவரவர் ஃபோல்டர் பெயர்கள் பதிந்திருந்தன. அதை நீக்கிவிட்டு, சில்லில் ஏற்றும் ஆணைகளை மட்டும் பிரித்தெடுத்து மீண்டும் ஒப்பிட்டார்கள். ராயபுரமும் எண்ணூரும் பைட்டுக்குப் பைட் ஒன்று! திருவொற்றியூர் மட்டும் ஒத்துவரவில்லை. அந்தப் பெண் விடவில்லை. இரண்டு கோப்புகளையும் எண்களாக அச்சிட்டு, அடிக்கோல் வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முழுக் கோப்பிலும் வேறுபட்டது ஒரே ஒரு பைட். மற்ற இருவருடைய கோப்பிலும் 47 இருந்த இடத்தில் அவளுடையதில் 92 இருந்தது.

47 என்பது வலப்பக்கம் சாயும் கோட்டின் எண். 92 இடப்பக்கம் சாயும் கோட்டின் எண். நிரலில் பிழை நேர்ந்தால் கோப்பின் பெயரைச் சொல்லும் ஒரு சோதனை வரி இருந்தது. மற்ற இருவரும் ஃபோல்டரையும் கோப்பையும் பிரிக்க வலச்சாய்வுக் கோட்டை இட்டிருந்தார்கள். அவள் விண்டோஸ் வழக்கப்படி இடச்சாய்வுக் கோட்டை இட்டிருந்தாள். கம்பைலர் அவள் தட்டியதை அப்படியே சில்லுக்குள் எழுதிவிட்டது. கோட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி பெயர்த்தாள். மூன்றும் ஒன்றாயின.